அரங்கும் இசையும்: கேட்போன் கொள்ளவேண்டிய அளவுகோல்

எமது நாட்டில் இசைக்கல்வி இன்று பெரும்பாலும் வகுப்பறையிலேயே நிகழ்கின்றது. ஸ்வரவரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்னும் ஒழுங்கில் மாணவன் பயிற்றப்படுகின்றான். 1931 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளும், 1960 இல் மருதனார்மடத்தில் தோன்றிப் பின்னர் பல்கலைக்கழகத்துடன் இணைந்த இராமநாதன் இசைக்கல்லூரியும், 1982 இல் கல்லடியில் தொடங்கிய சுவாமி விபுலானந்தர் பெயரிலான இசை நடனக் கல்லூரியும் இவ்வொழுங்கினை ஈழத்தில் நிலைபெறச் செய்தன. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. குருவின் வீட்டுத் திண்ணையில் ஒரு சிலருக்கே கிட்டிய கலை பலருக்கும் உரியதாயிற்று. எனினும், வகுப்பறை கற்பிக்க இயலாத ஒன்றுண்டு. மக்கள் கூடியிருக்கும் இடத்தில் இசை என்ன தொழிலைச் செய்கின்றது என்பதே அது. இதனை அறிய விரும்பும் மாணவன் கச்சேரி மண்டபத்துக்கும், கோயில் வீதிக்கும், கூத்துக் களரிக்கும் செல்லுதல் வேண்டும். அவ்வாறு செல்பவன் எந்த அளவுகோலை உடன்கொண்டு செல்லவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இசையையும் அரங்கையும் ஒருங்கு வைத்து நோக்குதல் தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூறி, அரங்கின் அளவையும் கூறுகின்றது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்ற கணக்கும், எழினி வகை மூன்றும் அங்கே காணப்படுகின்றன. இசையாசிரியனின் புலமை தனித்து நின்று மெச்சப்படவில்லை. ஆடலோடும் கொட்டோடும் அது பொருந்தும் திறமே அங்கு பேசப்படுகின்றது. எமது மண்ணிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1926 இல் நாடகவியல் பற்றி ‘மதங்கசூளாமணி’யையும் 1947 இல் இசைபற்றி ‘யாழ் நூ’லையும் தந்தமை இத்தொடர்பில் நினைவுகூரத்தக்கது. அவ்விரு நூல்களையும் ஒருவரே எழுதினார் என்பதை நாம் அடிக்கடி சொல்கின்றோம். ஆனால் அவ்விரு துறைகளையும் ஒருவரே பயிலவேண்டும் என்ற கருத்தினை அதிலிருந்து நாம் பெற்றுக்கொள்ளவில்லை. இசை பயில்வோன் நாடகத்தை அயலானின் தொழிலாகவும், நாடகம் பயில்வோன் இசையை ஒரு துணைப்பொருளாகவும் கருதும் நிலையே பெரிதும் காணப்படுகின்றது.

முதலிற் கச்சேரியை எடுத்துக்கொள்வோம். இன்று நாம் அறியும் கச்சேரி முறை மிகப் பழையதொன்றன்று. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890 - 1967) வகுத்தளித்ததாகக் கூறப்படும் முறை அது. வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் சிலவற்றைப் பாடி, விரிவான இராக ஆலாபனை, நிரவல், கற்பனாஸ்வரம், தனி ஆவர்த்தனம் என வளர்ந்து, துக்கடாக்களின் பின் மங்களத்தில் முடியும் இவ்வமைப்பு, மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நகரத்து இரசிகரை எண்ணி அமைந்தது. எனவே கச்சேரியும் ஓர் அரங்கக்கலையே. அரங்கின் தேவையால் உருவான ஒன்றை அரங்கிற்கு அப்பாற்பட்ட தூய இசை என்று கொள்வது பொருந்தாது.

மண்டபத்தில் நேரிற் கேட்பதனால் மாணவன் பெறும் பயன் யாது? ஒலிப்பதிவு எமக்குத் தருவது முடிந்த முடிவை. மண்டபம் தருவது அம்முடிவு எடுக்கப்படும் கணத்தை. பாடகர் ஓர் இராகத்தின் தாரஸ்தாயியில் நின்று மேலே செல்வதா, இறங்குவதா எனத் தயங்கும்போது வயலின் வாசிப்பவரின் வில்லும் அத்தயக்கத்தில் பங்குகொள்கின்றது. கற்பனாஸ்வரத்தில் பாடகர் ஒரு கணக்கினை அமைக்கத் தொடங்கியதும் மிருதங்கக்காரர் அதனை ஊகித்துக் கைகளை ஆயத்தப்படுத்துவதைக் கண்ணாற் காணலாம். முன்வரிசையில் ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்; அவர் கை தவறும் இடத்தில் பாடகரின் எடுப்பு எத்துணைச் சிக்கலானது என்பது புலப்படும். மனோதர்மம் எனப் பாடநூல் கூறுவது தனியொருவர் மனத்தின் ஆற்றல் மட்டுமன்று, மேடையிலுள்ளோர் ஒருவரையொருவர் கேட்பதனாற் பிறக்கும் ஆற்றலுமாகும் என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபையோரிற் பலர் எழுந்து வெளியே செல்லும் வழக்கம் இவ்வகையில் வருந்தத்தக்கதாகும். அதுகாறும் பாட்டைத் தாங்கிநின்ற தாளம் தானே பேசத் தொடங்கும் வேளை அது.

இனி மண்டபத்தை விட்டுக் கோயில் வீதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கோயில்களின் இரவுத் திருவிழாவில் நாதஸ்வர தவிற் கச்சேரியைக் கேட்பது வேறோர் அனுபவமாகும். இங்கு கேட்போன் அமர்ந்திருப்பவன் அல்லன். நிற்பவன், நடப்பவன், சுவாமிக்கு முன்னும் பின்னும் செல்பவன். சுவாமி வெளிவீதிக்கு எழுந்தருளுகையில் கம்பீரநாட்டையில் மல்லாரி ஒலிக்கின்றது. அதற்குச் சொல் இல்லை, சாகித்தியம் வேண்டுவதுமில்லை. சுவாமி புறப்பட்டுவிட்டார் என்ற செய்தியை அடுத்த ஒழுங்கையில் நிற்பவனுக்கும் அறிவிப்பதே அதன் பணி. வீதியின் மூலையிற் சுவாமி தரித்துநிற்கும்போது வித்துவானுக்கு இடமும் நேரமும் கிடைக்கின்றன, இராகம் விரிகின்றது. மீண்டும் சுவாமி நகரத் தொடங்கியதும் இசையும் நடைபோடுகின்றது. இராக விரிவுக்கு நாதஸ்வரம் பெற்றுள்ள சிறப்பினை இந்த நடையும் தரிப்பும் இன்றி விளங்கிக்கொள்ளுதல் அரிது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரமும், யாழ்ப்பாணத்துத் தவிலின் புகழைக் கடல்கடந்து கொண்டுசென்று 1975 இல் மறைந்த தட்சிணாமூர்த்தியின் தவிலும் வீதியில் நின்ற இத்தகைய மக்கள் நடுவிலேயே வளர்ந்தவை. அம்மக்களிற் பலர் இராகத்தின் பெயரை அறியாதவர். ஆயினும் நல்ல தவிலையும் அல்லாத தவிலையும் வேறுபடுத்தி உணரும் ஆற்றல் அவர்க்கு இருந்தது. மேளச்சமா ஒன்றைக் கேட்க ஊர்விட்டு ஊர் சென்ற இரசிகர் கூட்டம் எந்தப் பரீட்சையாலும் உருவாக்கப்பட்டதன்று.

மூன்றாவதாகக் கூத்துக்களரி. இங்குதான் இசை மாணவனின் அளவுகோல் பெரிதும் சோதிக்கப்படுகின்றது. மட்டக்களப்பின் வட்டக்களரியில் மக்கள் நாற்புறமும் இருப்பர். மத்தளம் கொட்டி அண்ணாவியார் நடுவில் நிற்பார். வரவுத் தருவைப் பாடி, தாளக்கட்டுக்கு ஆடிக்கொண்டு கூத்தர் களரியைச் சுற்றி வருவார். கருநாடக இசையின் இலக்கணத்தைக் கொண்டு இதனைக் கேட்பவனுக்குக் குறைகளே தோன்றும். மெட்டு சில ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகின்றது, ஒரே அடி மீண்டும் மீண்டும் வருகின்றது, குரல் கரகரக்கின்றது, கமகம் இல்லை. ஆனால் அப்பாட்டு அங்கு ஆற்றும் தொழிலைக் கொண்டு நோக்கினால் நிலைமை மாறுகின்றது. ஆடிக்களைத்த கூத்தர் மூச்சு வாங்குவதற்குப் பிற்பாட்டுக்காரர் அவ்வடியை ஏற்றுப் பாடுகின்றனர். கூத்தரின் முதுகுப்புறத்தில் இருப்பவனுக்கும் சொல் சென்றடைய அம்மீட்டல் உதவுகின்றது. மெட்டு எளிதாக இருப்பதனால் ஆட்டத்தின் சிக்கலைத் தாங்குகின்றது. விடியும்வரை பாடவேண்டிய குரல், மென்மையைக் காட்டிலும் வலிமையையே நாடவேண்டியுள்ளது. மெட்டின் எளிமை பயிற்சியின் எளிமையும் அன்று. சட்டங்கொடுத்தல், சதங்கையணிதல், அடுக்குப்பார்த்தல் எனப் பல படிகளைக் கடந்தே ஒரு கூத்து அரங்கேறுகின்றது. இதே வகையில், யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தின் சிந்துநடைப் பாடல்களைக் கேட்போர் முன்னரே அறிவர். புதுமையை எதிர்பார்த்து அவர்கள் அங்கு வருவதில்லை. அறிந்த பாட்டு உரிய இடத்தில் வந்து சேரும்போது உண்டாகும் நிறைவே அவர்கள் நாடுவது.

கச்சேரிக்கும் கூத்துக்கும் இடைப்பட்டது இசைநாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) மரபில் வந்த இந்நாடகம் ஆர்மோனியமும் மிருதங்கமும் துணையாகக் கருநாடக இராகங்களிலேயே பாடப்படுவது. ஈழத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924 - 1989) அரிச்சந்திர மயான காண்டத்தின் மூலம் இதற்கு அழியாப் புகழ் தேடித்தந்தார். இங்கு எழும் திறனாய்வுப் பிரச்சினை நுட்பமானது. சந்திரமதி இறந்த மகனைச் சுமந்து மயானத்தில் நிற்கின்றாள். அவள் பாடும் இராகம் எதுவாயினும், அதனை எவ்வளவு விரிக்கலாம் என்பதை இராகத்தின் இலக்கணம் தீர்மானிப்பதில்லை. மேடையிற் கிடக்கும் பாலகனின் உடலே தீர்மானிக்கின்றது. அவ்விடத்திற் பிருகாக்களை அடுக்கிக் கைதட்டல் பெறும் நடிகர் நல்ல பாடகராயிருக்கலாம்; நல்ல நாடகப் பாடகர் ஆகார். சபையோர் ‘வன்ஸ்மோர்’ கேட்க, நடிகர் துயரை நிறுத்திவைத்து அதே பாட்டை மீண்டும் பாடுவதும் இம்மரபில் இருந்ததே. அது இரசனையின் ஒரு வகை எனலாம். எனினும் பாட்டுக்கும் பாத்திரத்துக்கும் உள்ள உறவு அங்கு அறுந்துபோகின்றது.

இந்நான்கினையும் ஒப்புநோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. ஒவ்வோர் அரங்கும் தனக்குரிய காலத்தையும், குரலையும், கேட்போனையும் உடையது. ஓர் அரங்கின் அளவுகோல் மற்றோர் அரங்கிற்குப் பொருந்தாது. இது வெறும் இரசனைபற்றிய விவாதம் அன்று. எமது கலைச்செல்வத்தின் எதிர்காலம் இதில் தங்கியுள்ளது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தினைப் புதுக்கியபோது இப்பிரச்சினை எழுந்தது. நாடகம் என்னும் சிங்கள மரபினை அடியொற்றிச் சரச்சந்திர 1956 இல் ‘மனமே’யை மேடையேற்றிப் பெற்ற வெற்றி, தமிழ்க் கூத்தின்பாலும் கற்றோர் கவனத்தைத் திருப்பியது. ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964) ஆகியவை விடியவிடிய ஆடப்பெற்ற கூத்தினைச் சில மணி நேரத்துள் அடக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தன. நாட்டார் கலை என ஒதுக்கப்பட்ட கூத்துக்கு அதனால் மதிப்பு உண்டாயிற்று என்பதை மறுப்பாரிலர். அதே வேளை, இசையின் நோக்கில் அம்மாற்றம் சிறிதன்று. நாற்புறமும் இருந்த சபை ஒருபுறமாயிற்று, மீட்டல் குறைந்தது, பிற்பாட்டு மேடையின் ஓரத்துக்குச் சென்றது. ஆயினும் அம்முயற்சி அண்ணாவியாரை உடன்வைத்து நடந்தமையால், எதைக் குறைக்கின்றோம், ஏன் குறைக்கின்றோம் என்ற உணர்வு அதில் இருந்தது.

இன்று அவ்வுணர்வு அருகிவருகின்றது என்பதே எமது கவலை. பாடசாலை மேடைகளில் கூத்து குறுகிய நேரத்துள் அடக்கப்படுகின்றது. அதற்குப் பாட்டமைக்கும் பொறுப்பு இசை பயின்ற ஒருவரிடம் வந்து சேருவதுண்டு. அவர் நல்லெண்ணத்துடனேயே அம்மெட்டினைத் ‘திருத்துகின்றார்’. அருகிலுள்ள ஓர் இராகத்திற்கு அதனை நகர்த்துகின்றார்; கரகரத்த குரலுக்குப் பதில் இனிய குரலைத் தெரிவுசெய்கின்றார்; ஒலிவாங்கியைக் கூத்தரிடமிருந்து எடுத்துப் பக்கப்பாட்டுக்காரரிடம் கொடுக்கின்றார். கூத்தர் வாயசைத்து ஆடுகின்றார். பாட்டு இனிமையாகிவிட்டது, ஆனால் ஆட்டத்துக்கும் மூச்சுக்கும் இருந்த உறவு போய்விட்டது. ஒரு தலைமுறை இதனையே கூத்து என்று கேட்டு வளருமாயின், அண்ணாவியாரின் களரியைக் கேட்கும்போது அதுவே பிழையெனப்படும்.

கூத்து காலந்தோறும் மாறியதன்றோ, பிற இசைகளிலிருந்து கடன் பெற்றதன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. மாறாத கலை உயிரற்றது. ஆனால் களரியின் தேவையறிந்து அண்ணாவியார் ஒரு புதிய மெட்டினை உள்வாங்குவதும், பழைய மெட்டு நாகரிகக் குறைவெனக் கருதி நாம் அதனை மறைப்பதும் ஒன்றல்ல. முன்னையது வளர்ச்சி, பின்னையது தாழ்வு மனப்பான்மை.

ஆகவே இசை மாணவன் செய்யத்தக்கது யாது? அரங்குக்குச் செல்லும்போது இராகப் பெயர்களைக் குறித்துக்கொள்வதோடு அவன் நின்றுவிடலாகாது. பாடியவர் எங்கே நின்றார், யாரை நோக்கிப் பாடினார், யார் அதனை ஏற்றுப் பாடினர், சபை எப்போது அடங்கியது, எப்போது கலைந்தது, அப்பாட்டு அங்கு இல்லாதிருந்தால் எது நிகழாது போயிருக்கும் என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். ஓராண்டில் ஒரு கூத்தினையாவது தொடக்கம் முதல் விடியும்வரை இருந்து கேட்டு எழுதுவதைப் பாடத்தின் ஒரு பகுதியாக்கினால், அது பல நூல்களைக் காட்டிலும் பயன் தரும். எமது பத்திரிகைகளில் வரும் இசை விமரிசனங்களும், பாடப்பட்ட உருப்படிகளின் பட்டியலும் பாராட்டுரையும் என்ற நிலையிலிருந்து மீள்வதற்கு இத்தகைய பயிற்சியே வழிகாட்டும்.

கூத்து அறிந்த அண்ணாவிமார் பலர் முதுமையெய்திவிட்டனர். அவர்கள் மத்தளத்தின் அருகே அமர்ந்து கேட்பதற்கு இசை கற்ற செவிகள் தேவை. அச்செவிகள் திருத்துவதற்கு முன்னர் கேட்கட்டும்.