மூக்கு மட்டும் தலைகீழ்

ரூபிக் கியூப் சேர்க்கத் தெரிந்த யாரைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: நிறத்தை விடுங்கள், படத்தைச் சேர்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே குனூபிக்கை இறக்கிக்கொள்ளுங்கள். குனு திட்டத்துக்காக ஜான் டாரிங்டன் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டு. காசு கிடையாது, நிரலையும் யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம்.

திரையில் ஒரு கியூப் நிற்கும். மவுஸால் இழுத்து எந்தப் பக்கத்தையும் பார்க்கலாம். ஒரு கட்டையின் ஓரத்துக்குப் போனால் கர்சர் அம்புக்குறியாக மாறி, அடுக்கு எந்தப் பக்கம் சுற்றும் என்று காட்டும். க்ளிக் செய்தால் சுற்றும். அவ்வளவுதான்.

இதன் உயிர் இருப்பது நிறம் மாற்றும் பெட்டியில். நிறத்துக்குப் பதில் நம்மிடம் உள்ள எந்தப் படத்தையும் அங்கே கொடுக்கலாம். கட்டத்துக்கு ஒன்றாக அதே படத்தை ஒட்டலாம், அல்லது ஒரே படத்தைப் பக்கம் முழுக்க விரிக்கலாம். விரிப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், யோசிக்கவே வேண்டாம்!

நான் வைத்தது அக்கா மகள் சிரிக்கும் போட்டோ. கலைத்ததும் ஒரு கண் மேல்பக்கத்தில், முன்பல் அடிப்பக்கத்தில். வழக்கமான முறையில் சேர்த்துக்கொண்டே வந்தேன். கண்கள் வந்தன, கன்னம் வந்தது, சிரிப்பு வந்தது. மூக்கு மட்டும் தலைகீழ்! விளையாட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நிறமெல்லாம் சரி, திசைதான் தப்பு, இன்னும் முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

என்ன அழகான கண்டிப்பு! ஓரக் கட்டைக்கு இரண்டு முகம், மூலைக் கட்டைக்கு மூன்று. எல்லா முகமும் பொருந்தி உட்கார்ந்தால் திசையும் தானே சரியாகிவிடும். நடுக் கட்டைக்கோ ஒரே முகம். அது நின்ற இடத்திலேயே சுற்றும், வெறும் நிறமாக இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. 1974-இல் புடாபெஸ்டில் எர்னோ ரூபிக் உருவாக்கிய கியூபுக்குள்ளேயே இது ஒளிந்திருந்தது. நிறத்தை மட்டும் கணக்கிட்டால் கியூபுக்குச் சுமார் 4.3 லட்சம் கோடி கோடி நிலைகள். ஆறு பக்கமும் படம் வந்துவிட்டால் அதை இன்னும் 2,048-ஆல் பெருக்க வேண்டும். இதிலும் ஒரு ஒழுங்கு உண்டு: ஒரே ஒரு நடுக் கட்டை மட்டும் கால் சுற்று தப்பி நிற்கவே முடியாது. அரைச் சுற்று தப்பலாம், அந்த மூக்கைப் போல.

அதை நிமிர்த்தும் வழி இருக்கிறதே, அதற்காகவே இதை விளையாடலாம். முகத்தை மேல்பக்கமாக வையுங்கள். வலது அடுக்கை மேலே ஏற்றுங்கள், மேலடுக்கைக் கடிகாரச் சுற்றில் ஒரு கால் திருப்பம், வலதைக் கீழே இறக்குங்கள், மேலடுக்கை மறுபடி கடிகாரச் சுற்றில். இந்த நான்கையும் ஐந்து முறை. பாதியில் முகமே சிதறிப்போய், எல்லாம் கெட்டது என்று தோன்றும். நிறுத்தாதீர்கள். கடைசித் திருப்பத்தில் கட்டைகளெல்லாம் ஓடிவந்து அதனதன் இடத்தில் உட்காரும், மூக்கு நேராக! கை தட்டிவிட்டேன்.

படத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு ரசனை. நாலு பக்கமும் ஒத்துப்போகும் புள்ளிக்கோலம் வைத்தால், நடுக் கட்டை திரும்பியிருப்பது கண்ணுக்குப் பிடிபடாது. மனித முகம்தான் உத்தமம். அளவைக் கூட்டி 4×4 ஆக்கினால் நடுவில் ஒரு கட்டைக்குப் பதில் நான்கு. ஒரே நிறமாக இருந்தால் அந்த நான்கையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றி வைக்கலாம். படத்தில் அது நடக்காது, ஒவ்வொன்றும் தன் மூலைக்கே போய்ச் சேர வேண்டும். அக்காவிடம் இன்னொரு போட்டோ கேட்டிருக்கிறேன்.