படம் வரலைன்னா உடனே கார்டைக் கழற்றாதீங்க

மாடுலர் வீடியோ மேட்ரிக்ஸ் ஸ்விட்ச்சரை விற்கும்போது சொல்வது ஒன்றுதான்: கார்டு போனால் கார்டை மட்டும் மாத்திக்கலாம். பாதிதான் உண்மை. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனி மீட்டிங் ஹால்களில் நான் பார்த்த வரை, படம் வராததுக்குப் பெரும்பாலும் செட்டிங்தான் காரணம்.

முதலில் இடிஐடி. தன்னால் எந்த ரெசல்யூஷன் காட்ட முடியும் என்று திரை லேப்டாப்புக்குச் சொல்லும் தகவல்; வெசா 1994-இல் வகுத்தது. நடுவில் ஸ்விட்ச்சர் இருந்தால், எந்தத் திரையின் தகவலைச் சொல்வது என்று அதுதான் முடிவு செய்யும். பழைய 1024×768 ப்ரொஜெக்டருடையதை எடுத்துக்கொண்டால் எல்லா டிவியிலும் படம் மங்கல்தான். எல்லாத் திரையும் ஏற்குமானால், இன்புட் எல்லாத்துக்கும் 1080பி-யை நிலையாக வைத்துவிடுங்க.

அடுத்து ஹெச்டிசிபி, திருட்டுக் காப்பியைத் தடுக்கும் பூட்டு. எதிர்முனை இதை ஏற்கும் என்று தெரிந்தால், சில லேப்டாப்கள் நம்ம எக்செல் ஷீட்டைக்கூடப் பூட்டியே அனுப்பும். திறக்கத் தெரியாத ப்ரொஜெக்டரில் கறுப்புத் திரை. அந்த இன்புட்டில் ஹெச்டிசிபியை அணைத்தால் படம் வரும். பூட்டிய சினிமா மட்டும் ஓடாது.

என் குறை இதுதான்: இந்த இரண்டு காரணத்தையும் பெட்டியின் முகப்பிலேயே ஒரு வரியில் காட்டலாம். அதைச் செய்யாத மாடல்களில், வெளிநாட்டு பையர் முன்னால் திட்டு வாங்குவது ஆபரேட்டர் பையன்தான்.