சீதாபெங்ரா குகை: நாடக அரங்கு என்னும் கருத்து – ஒரு மதிப்பீடு

முன்னுரை

சத்தீசுகர் மாநிலம் சர்குஜா மாவட்டத்திலுள்ள இராம்கர் மலையில் சீதாபெங்ரா, யோகிமாரா என்னும் இரு குடைவரைக் குகைகள் அமைந்துள்ளன. இவற்றுள் சீதாபெங்ரா, இந்தியாவின் மிகப் பழைய நாடக அரங்கு எனச் சுற்றுலா நூல்களில் போற்றப்படுகிறது. இக்கருத்துக்கு அடிப்படையான சான்றுகளை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருத்தின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குகைகளை ஆராய்ந்த தொல்லியல் அறிஞர் தியோடர் பிளாக், சீதாபெங்ராவை நாடக அரங்காகக் கொண்டார். குகையின் முன்புறம் பாறையில் வெட்டப்பட்ட படிவரிசைகள், உள்ளே சுவரையொட்டிய மேடைகள், வாயிலருகே தரையிலுள்ள குழிகள் ஆகியன அவர் காட்டிய சான்றுகள். குழிகள் திரை கட்டுவதற்கான மரக்கால்களை நடுவதற்குரியவை என்பது அவர் விளக்கம். கிரேக்க அரங்கின் செல்வாக்கையும் அவர் இதில் கண்டார்.

சான்றுகளின் வலிமை

பரதரின் நாட்டிய சாத்திரம், நாடக மண்டபம் மலைக்குகை வடிவில், காற்றுப் புகாது, குரல் செறிந்து ஒலிக்குமாறு அமைய வேண்டும் என்கிறது. இதனைத் துணையாகக் கொண்டு குகையை அரங்கு என்பாரும், குகையைக் காட்டி அந்நூலின் விதிக்குத் தொன்மை கற்பிப்பாரும் உளர். ஒன்றை ஒன்றால் நிறுவும் இம்முறை வட்டவாதமாகவே முடியும். மேலும் அந்நூல் கூறுவது கட்டப்படும் மண்டபத்தின் வடிவை; இயற்கைக் குகையை அன்று.

இருக்கைகளும் ஐயத்திற்கு இடமளிக்கின்றன. வெளிப்படிகளில் அவையோர் அமர்ந்தனர் எனின் குகைவாயிலே ஆடுகளமாகும். உள்மேடைகளில் அமர்ந்தனர் எனின் ஆடுகளம் எது என்னும் வினா எழும்.

கல்வெட்டே இவற்றினும் வலிய சான்று எனலாம். கி.மு. மூன்று அல்லது இரண்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் சீதாபெங்ராவின் பிராமிக் கல்வெட்டு, கவிஞர் உள்ளத்தைக் கிளர்விப்பதைப் பேசுகிறது. யோகிமாராக் கல்வெட்டோ சுதனுகா என்னும் தேவதாசியையும், அவளை விரும்பிய வாரணாசியைச் சேர்ந்த தேவதின்னன் என்னும் கலைஞனையும் குறிக்கிறது. கவிதையும் கலைஞரும் இம்மலையில் இடம்பெற்றமை இவற்றால் உறுதியாகிறது. நாடகம் நிகழ்ந்தது என இவை வெளிப்படையாகக் கூறவில்லை.

தமிழ்ச் சான்று தரும் தெளிவு

சிலப்பதிகார அரங்கேற்று காதை, மூங்கிற்கோலால் அளந்து, ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் உடையதாக அமைத்த அரங்கையும் மூவகை எழினிகளையும் விரிக்கிறது. மரமும் துணியும் கொண்டு அமைக்கப்பெறும் அரங்கு காலத்தால் அழிவது இயல்பு. எனவே கல்லில் எஞ்சியதை மட்டும் முதல் அரங்கு எனல், அழிந்தவற்றை இல்லாதவையாகக் கருதுவதாகும். இந்நோக்கில், மரக்கால் நட்ட குழிகள் எனப்படுபவை படிவரிசைகளினும் மிகுதியான கவனத்திற்குரியன.

முடிவுரை

சீதாபெங்ராவைக் கவிஞரும் கலைஞரும் கூடிய இடம் எனக் கொள்வதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. நாடக அரங்கு என்பது ஏற்கத்தக்க ஊகம். நிறுவப்பெற்ற முடிபு அன்று. காண வருவோர்க்கு இவ்வேறுபாட்டை உணர்த்துவது குகையின் பெருமையைக் குறைக்காது. இராமாயணத்தோடும் காளிதாசரின் மேகதூதத்தோடும் மரபுவழி இணைத்துப் பேசப்படும் இம்மலையில், வழக்குச் செய்தியையும் சான்றையும் பிரித்தறிவது இன்றியமையாததாகும்.