நிறுத்தத் தெரிந்தவருக்கு மட்டும்

டீசல் என்ஜின் சமையல் எண்ணெயில் ஓடுமா என்ற சந்தேகம் 1900-லேயே தீர்ந்துவிட்டது. அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் வைத்திருந்த சிறிய டீசல் என்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. பார்க்க வந்தவர்களில் வெகு சிலருக்கே அது தெரிந்தது என்று ருடால்ஃப் டீசல் பின்னாளில் சொன்னார். எண்ணெய்க்கு மாற்றும் கிட்டை விற்பவர்கள் இந்தக் கதையை விடவே மாட்டார்கள். ஆனால் அந்தக் கண்காட்சி என்ஜின் கடைத்தெருவுக்குப் போய், நின்று, காய்கறி வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு காரின் பிழைப்பே அதுதான்.

அமெரிக்காவில் இந்த மாற்றத்துக்குப் பேர்போன வண்டி மெர்சிடிஸ் 300டி, அதாவது டபிள்யூ123 வரிசையின் ஐந்து சிலிண்டர் டீசல். அதன் குதிரைசக்தியும் எடையும் பிரியர்களுக்கு மனப்பாடம். இங்கே வேண்டியவை இரண்டு குணங்கள்தான். எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் போகாமல் முதலில் ஒரு சிறு முன்னறையில் பற்றிக்கொள்வதால், கெட்டியான எண்ணெயையும் அது ஓரளவு சகித்துக்கொள்கிறது. அதன் பம்ப் என்ஜின் ஆயிலில் மசகு பெறுகிறது. எரிபொருளையே மசகாக நம்பியிருக்கும் ரோட்டரி பம்புகளைப் போல இது எளிதில் சாகாது. முரட்டு அழகுள்ள இந்த என்ஜினைக் குறைசொல்ல மனம் வராது; குறையெல்லாம் அதன்மேல் ஏற்றப்படும் கிட்டில் இருக்கிறது. டிக்கியில் இரண்டாவது டேங்க், அதைச் சூடாக்க ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ஹோஸ்கள், சூடாகும் ஃபில்டர், பாதை மாற்றும் வால்வு, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். டீசலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் எண்ணெய்க்கு மாற வேண்டும். வண்டியை அணைப்பதற்குச் சற்று முன் மறுபடி டீசலுக்கு வந்து, பம்பிலும் நாசிலிலும் மிச்சமிருக்கும் எண்ணெயைக் கழுவித் தள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வேலைதான் மற்றதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. 40 டிகிரி வெப்பத்தில் கடுகு வகை எண்ணெயின் கெட்டித்தன்மை டீசலைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. 80 டிகிரிக்குச் சூடாக்கினால் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கி, நாசிலில் ஓரளவு புகையாய்ச் சிதறும். கழுவ மறந்து அணைத்துவிட்டால், ராத்திரிக் குளிரில் எண்ணெய் இருந்த இடத்திலேயே இறுகுகிறது. காலையில் கார் கிளம்ப மறுக்கும். கிளம்பினாலும் பாதி எரியாமல் வெள்ளைப் புகை கக்கும். அந்த எரியாத பாதி நாசில் முனையில் கரியாகப் படிகிறது. ரிங்குகளைத் தாண்டிக் கீழே என்ஜின் ஆயிலிலும் கலக்கிறது. அடுப்படி எண்ணெய்த் தூக்கின் விளிம்பில் பிசினாக ஒட்டுமே, அதே வேதியியல் என்ஜின் அடிவயிற்றில் நடக்கிறது. செம்புக் குழாய் இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். ஒருநாள் மறதி காரைக் கொன்றுவிடாது. மறதி பழக்கமாகும்போது ஆயில் கூழாகிறது.

எண்ணெய் இலவசம், உணவகங்கள் கொட்டுவதை வாங்கிக்கொள்ளலாம் என்பது ஆதரவாளர்களின் முதல் வாதம். நீரைப் பிரித்து, வடிகட்டி, இருப்பு வைக்கும் உழைப்பை விட்டுவிடுவோம். அதை விரும்பிச் செய்பவர்கள் உண்டு. ஆனால் கால்மணி நேரப் பயணத்தில் சூடாகப் பத்து நிமிடம், கழுவ ஓரிரு நிமிடம் போனால், இலவச எண்ணெயில் ஓடுவது மிச்சமுள்ள மூன்று, நான்கு நிமிடம்தான். அலுவலகம், பள்ளி, கடை என்று சுற்றும் வண்டியில் இரண்டாவது டேங்க் வெறும் சுமை. நெடுஞ்சாலையில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் போகிறவருக்குக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே இந்த கிட் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறது.

மறதிக்கு டைமர் இருக்கிறதே என்பார்கள். சாவியை எடுத்த பிறகும் என்ஜினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, தானே கழுவி, தானே அணைக்கும். நல்ல ஏற்பாடுதான், மூடிய காரேஜுக்குள் வண்டியை விடாதவரை. வால்வு லேசாகக் கசிந்தால் டைமரும் உதவாது. திரும்பும் எண்ணெய் டீசல் டேங்கில் சேர்ந்துகொண்டே இருக்கும், கழுவ வேண்டிய டீசலே அழுக்காகிவிடும். ஜெர்மனியின் எல்ஸ்பெட் போன்றோர் ஒற்றை டேங்க் வழியைக் கண்டார்கள்: நாசிலையும் ஹீட்டர் பிளக்கையும் மாற்றி, எண்ணெயிலேயே ஸ்டார்ட் செய்வது. சுவிட்ச் தொல்லை ஒழிகிறது. ஆனால் குளிர்ந்த என்ஜினில் எண்ணெயை எரிக்கும் சிக்கல் ஒவ்வொரு காலையும் திரும்புகிறது. மெத்தனாலும் காரமும் சேர்த்து எண்ணெயை பயோடீசலாக்கிவிட்டால் இந்தப் பாடு பெரும்பாலும் தீரும். அப்போது இந்த கிட்டே தேவையில்லை.

புதிய காமன்ரெயில் கார்களில் இதைப் பொருத்தும் யோசனையைக் கேட்கவே வேண்டாம். புகை ஃபில்டரைச் சுத்தம் செய்ய அவற்றில் பல, எரிப்பு முடிந்த பிறகும் சிலிண்டருக்குள் கொஞ்சம் எரிபொருளைத் தெளிக்கின்றன. அது டீசலாக இருந்தாலே ஒரு பகுதி என்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். சூட்டில் டீசலாவது ஓரளவு ஆவியாகும், சமையல் எண்ணெய் ஆகாது. 300டி-யில் பொருத்துகிறவரும் என்ஜின் ஆயிலை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்றியாக வேண்டும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைகிறதா என்று பார்த்துப் பழகிய கண், இனி அது ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.