மாயாவின் படத்தில் பாட்டு எங்கே?

ஸ்டீவ் லவ்ரிட்ஜின் 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' (2018) ஆவணப்படத்தின் பலம், மாயாவே பல வருஷமாக எடுத்துவைத்த வீடியோக்கள். 2001இல் இலங்கை போய் உறவினர்களோடு அவர் பேசும் காட்சிகளுக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் 2012 சூப்பர் பவுலில் நடுவிரல் காட்டிய சர்ச்சை விரிவாக வருகிறது. பாட்டு பிறந்த கதைக்கு அந்த இடம் இல்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தமும் கல்லாப்பெட்டிச் சத்தமும் தாளத்தோடு சேர்ந்து வருமே, குடியேறிகள் மீதான மேற்கின் பயத்தை அப்படிக் கிண்டலடித்தவர் யார்? அகதியாக வந்ததால் மட்டும் அந்தக் காது வாய்த்துவிடுமா என்ன? வாழ்க்கையைச் சொன்னாலே கலையை விளக்கியாச்சு என்று படம் நம்புகிறது. அவரை வெறும் 'அகதிப் பெண்' என்று எழுதிய பத்திரிகைகளும் அதைத்தானே செய்தன?