மோட்டார் மீது விழும் பழி

ஸ்பிளிட் ஏசியின் இன்டோர் யூனிட் கடகடக்கத் தொடங்கினால் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு ஒன்றுதான்: “ப்ளோயர் மோட்டார் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” மறுத்துப் பேச வீட்டுக்காரரிடம் ஆதாரம் இருக்காது. ஆனால் அப்படிச் சொல்கிறவரிடம் இருக்கிறதா?

அந்தப் பெட்டிக்குள் சந்தேகத்துக்குரியவை மூன்று. ஒன்று, மோட்டார். இரண்டு, அதன் தண்டில் ஒரு திருகால் பிணைத்த நீண்ட பிளாஸ்டிக் உருளை. ப்ளோயர் என்பது இதுதான். மூன்று, உருளையின் மறுமுனையைத் தாங்கும் ரப்பர் உறையிட்ட சிறு புஷ். எது கெட்டாலும் சத்தம் ஒரே பெட்டியிலிருந்துதான் வரும். காதை மட்டும் நம்பிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது.

என் முதல் சந்தேகம் உருளை மீது. வலையைத் தாண்டும் நுண்தூசி, தாளிப்புப் புகை, சாம்பிராணிப் புகை எல்லாம் ஈரக்காற்றோடு சேர்ந்து அதன் இதழ்களில் பசையாக அப்பிக்கொள்கின்றன. எல்லாப் பக்கமும் சமமாக அப்பினால் காற்றுதான் குறையும். ஒரு பக்கத்துக் கட்டி மட்டும் உதிர்ந்தால்தான் வினை. அச்சிலிருந்து 4.5 செ.மீ. தள்ளி 1 கிராம் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 1,200 சுற்றில் அது ஏறத்தாழ 70 கிராம் எடைக்குச் சமமான விசையோடு தண்டை இழுக்கும். 900 சுற்றில் 40 கிராம்தான். குறைந்த வேகத்தில் அடங்கும் அதிர்வு அதிக வேகத்தில் சுவரையே உலுக்குவது இதனால்தான். “சர்வீஸ் செய்த பிறகுதான் சத்தமே வந்தது” என்ற புகாருக்கும் இதில் விளக்கம் உண்டு: உருளையைக் கழற்றாமல் முன்னாலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் பாதி அழுக்கு போகும், பாதி நிற்கும்.

மோட்டார் நிரபராதி என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபேன் மோடில் முழு வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். உருளை இன்னும் சுழலும்போதே சத்தம் சட்டென்று நின்றால் கோளாறு மின்சாரப் பக்கம். பழைய வகை ஏசியில் கெப்பாசிட்டரையும் பார்க்க வேண்டும், அது மோட்டாரைவிடப் பல மடங்கு மலிவு. சுற்றுக் குறையக் குறையச் சத்தமும் தேய்ந்து மறைந்தால் கோளாறு இயந்திரப் பக்கம். அந்த மூவரில் யார் என்று இந்தச் சோதனை சொல்லாது. அதுதான் இதன் குறை. அதற்கு மின்சாரத்தைத் துண்டித்து, உருளையைக் கழற்றி, வெறும் தண்டை விரலால் சுழற்ற வேண்டும். மணல் அரைபடுவதுபோல் நெருநெருத்தாலோ பக்கவாட்டில் ஆடினாலோ பேரிங் போய்விட்டது. மோட்டாரை மாற்றுவது நியாயம். இங்கே ஓர் எச்சரிக்கை: பல இன்வெர்ட்டர் ஏசிகளில் இருக்கும் பிஎல்டிசி மோட்டார், உள்ளே காந்தம் இருப்பதால், நல்ல நிலையிலும் லேசாகத் தட்டித் தட்டித்தான் சுழலும். அதைப் பேரிங் தேய்மானம் என்று காட்டினால் நம்பிவிட வேண்டாம்.

வீட்டுக்காரர்கள் தரப்பிலும் ஒரு தவறு உண்டு: எண்ணெய். உலர்ந்து கீச்சிடும் புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு தற்காலிக நிம்மதி தரும். தேங்காய் எண்ணெய் ஏசியின் குளிரில் உறைந்து இறுகும். மூடிய பேரிங்கிலோ எந்த எண்ணெயும் சரியாக உள்ளே போகாது, வெளியே நின்று தூசியைத்தான் சேர்க்கும்.

ஆக, உருளையைக் கழற்றிப் பார்க்காமல் மோட்டாரைக் குற்றம் சாட்டுவது ஊகம். ஊகத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. முதலில் உருளையைக் கழற்றிக் கழுவுவது, அடுத்து புஷ், கடைசியில் மோட்டார் என்பதே சரியான வரிசை. மோட்டாரை மாற்றியே தீர வேண்டும் என்றானால் புஷ்ஷையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். உருளை எப்படியும் வெளியே வந்துவிடும். பழைய புஷ்ஷை மாட்டி மூடினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரலாம்.