குமிழித் தூம்பும் ஒரு வேலைக் கடிதமும்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குப் பொறியியல் கல்லூரியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் முதலாண்டுக்குக் கொண்டுவந்த இரண்டு தாள்களின் புண்ணியம்.

இரண்டாவது தாளின் பாடத்திட்டத்தை ஒரு பிரதியாக வாசித்தால் அதன் மௌனங்கள்தான் உரத்துக் கேட்கின்றன. நெசவு இருக்கிறது, நெய்தவர் இல்லை. இரும்பு உருக்குதல் இருக்கிறது. சோழர் காலக் குமிழித் தூம்பும் இருக்கிறது; ஏரிக்குள் மூழ்கி அதைத் திறந்துவிட்ட ஆள் எந்தச் சாதி, அவனுக்கு என்ன கூலி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. உழைப்பை உருவி எடுத்துவிட்டு மிஞ்சுகிற நுட்பமே மரபாகக் கட்டமைக்கப்படுகிறது.

மேல்மாடியில் மூத்த மாணவர்களுக்குத் திறன் பயிற்சி. 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' தொடங்கியபின் இது இன்னும் மும்முரம். பைத்தான் கற்று வேலைக்குப் போகும் முதல் தலைமுறைப் பட்டதாரியை நான் கேலி செய்ய மாட்டேன், அது அவள் வீட்டுச் சோறு. என் சண்டை 'மாறும் பணிச்சூழல்' என்கிற சொல்லாடலோடு. யார் மாற்றுகிறார்கள், யாருக்காக? மழை வருவதுபோல மாற்றம் வருமாம். குடை பிடிக்கப் பழகுவது மாணவன் பாடாம்.

என்னிடம் அந்தத் தாளைப் படித்த மெக்கானிக்கல் பையன் ஒருவன் இறுதியாண்டில் ஒரு கடிதத்தோடு வந்தான். "சார், இதுல நான் யாரு? ஸ்டாஃபா, ட்ரெயினியா?"

இருவரும் உட்கார்ந்து வாசித்தோம். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி ஓராண்டுப் பயிற்சி. பொறியியல் பட்டதாரிகளை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1973 திருத்தம். அதன் 18ஆம் பிரிவு ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது: பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். பாதுகாப்பு, விபத்து இழப்பீடு போன்ற சிலவற்றுக்கு அதே சட்டம் தனியே வழி செய்கிறது. மற்றபடி தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் கிடையாது.

"எங்க சீனியருங்க அங்க பர்மனென்ட் ஆளுங்க பாக்குற அதே மெஷினத்தான் சார் பாக்குறாங்க."

தூம்பைத் திறந்தவனைப் பாடத்திட்டம் நீக்கியதற்கும் மெஷினில் நிற்பவனைச் சட்டம் தொழிலாளி அல்லன் என்பதற்கும் இடையே எத்தனை நூற்றாண்டு இருந்தால் என்ன?

"நாலு வருஷத்துல இத யாருமே சொல்லலையே சார்" என்றான். நானும்தான் சொல்லவில்லை. குமிழித் தூம்பின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். நன்றாகவே வரைந்திருந்தான்.